வல்லாரைக்கு மருந்தடித்த வெள்ளிக்கிழமை

அரிந்த வல்லாரையின் மேல் எலுமிச்சையைப் பிழிந்ததும் குபீரென்று எழும் அந்தப் பச்சை வாசனைக்குத்தான், நாள் முழுக்க அம்மாவின் விரல்களில் ஊறிக் கிடந்த ரப்பர் பாலின் புளித்த வாடையை விரட்டும் திராணி இருந்தது. மலேசியாவின் கெடாவில், சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், வெட்டிய பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு உச்சி வெயிலில் லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பும் பெண்களுக்கு, ஈர விறகை ஊதி மறுபடியும் அடுப்பு மூட்டத் தெம்பிருக்காது. காலையில் வடித்த சோறு ஆறிக் கிடக்கும். அதற்குத் துணையாக அம்மா ஒன்று செய்வாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "பச்சைக்கறி".

சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் பொடியாக அரிந்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டுக் கையால் பிசைந்து, அதில் துருவிய தேங்காயைப் போட்டு, வெள்ளரிப் பிஞ்சு கிடைத்த நாளில் அதையும் நறுக்கிச் சேர்த்து, நாங்கள் தட்டோடு உட்கார்ந்த பிறகுதான் வல்லாரையைத் தூவிப் புரட்டுவாள். "எலையக் கடைசியில போடணும், முன்னாடியே போட்டா தண்ணி விட்டுச் செத்துப் போயிரும்" என்பாள். வாயில் வைத்தால் நறுக்கென்று இருக்கும், கொஞ்சம் கசக்கும், பிறகு நாக்கு இனிக்கும். இதைத்தான் ஆபீஸ்காரர்கள் "ஆட்டுத் தீனி" என்று சிரித்தார்கள்.

சிரித்தவர்களில் ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிராணியும் ஒருவர். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி தோட்டத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆனால் வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் சைவம், சைவமென்றால் வல்லாரைச் சம்பல் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் வெள்ளிதோறும் அவர் வீட்டில் வேலை செய்த ராக்கம்மா அக்கா கூடையோடு எங்கள் லயத்துக்கு வந்துவிடுவார். லயத்துக்குப் பின்னால் ஓடிய "அல்லூரு", அதாவது கால்வாய், அதன் கரையில் அம்மா நட்டுப் பரப்பிய வல்லாரையில் பிஞ்சு இலைகள் எல்லாம் அந்தக் கூடைக்குத்தான் முதலில் போகும். நாங்கள் தின்றால் ஆட்டுத் தீனி, அவர் தின்றால் சம்பல்!

ஒரு வெள்ளிக்கிழமை ராக்கம்மா அக்கா வரவில்லை. அம்மா வழக்கம்போல் இலையைப் பறித்து, மூன்று தண்ணீரில் அலசி, பச்சைக்கறியைப் புரட்டிக்கொண்டே, "கிராணி வீட்டுல ஆளையே காணோமே, அந்தம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையோ என்னமோ, நீ கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்று ஒரு கட்டு இலையை என் கையில் கொடுத்து அனுப்பினாள். அவர்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டாள் என் அம்மா. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பின்வாசலில் நின்ற கிராணியின் மனைவி என் கையிலிருந்த கட்டைப் பார்த்ததும் அலறிவிட்டார். "ஐயோ பிள்ளை, அதைக் கீழ போடு! அல்லூர்க் கரைக்குப் புல்லு மருந்தெல்லோ அடிச்சிருக்கினம். இவர் நேற்றே சொன்னவர். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

நான் ஓடினேன். வீட்டில் என் தங்கை செல்விக்கு, சின்னவள் என்பதால், அம்மா முதலில் ஊட்டிவிட்டிருந்தாள். நான் கத்திய கத்தலில் அம்மா தட்டைத் தள்ளிவிட்டு அவள் தொண்டைக்குள் விரலை விட்டாள். காலையில், எல்லோரும் மரத்துக்குப் போயிருந்த நேரத்தில், வெளியிலிருந்து வந்த காண்ட்ராக்ட் ஆட்கள் கரை நெடுக மருந்தடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இலை வாடக்கூட இன்னும் நேரமாகவில்லை. எங்கள் கண்ணுக்கு அது நேற்றைய வல்லாரையாகவே இருந்தது. அலசினால் போகிற சாமானா அது? பால் ஏற்றும் லோரியில் அம்மாவின் மடியில் சுருண்டு கிடந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியபடியே செல்வி சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்ன மறுநாள் விடியலில், ஆட்களைப் பேர் கூப்பிடும் "பெரட்டு"க்கு அம்மா பால் வாளி இல்லாமல் போனாள். கையில் செல்வியின் தட்டு, அதில் கரையிலிருந்து பிடுங்கிய கருகிய வல்லாரை. அத்தனை பேர் பார்க்க அதைக் கிராணியின் மேசையில் வைத்தாள்.

"இத்தன நாளும் ஒங்க வீட்டுக்கு வந்த கீரைதாங்க ஐயா. அந்த வெள்ளிக்கெழம மட்டும் ஏன் வேணாம்னீங்க?"

கிராணி தட்டைப் பார்க்கவில்லை. "துரை மருந்தடிக்கச் சொன்னவர், அடிச்சாச்சு. லயத்துக்குச் சொல்லச் சொல்லி எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார். பிறகு அடுத்த பேரைக் கூப்பிட்டார். தன் வீட்டுக்குச் சொல்ல மட்டும் அவருக்கு யார் சொன்னார்களாம்?

அம்மா பச்சைக்கறியை விடவில்லை. மண்ணெண்ணெய் டின்களைப் பாதியாக வெட்டி, வாசற்படியிலேயே வல்லாரை வளர்த்தாள். அதைப் பார்த்து லயம் முழுக்க டின் தோட்டம் வந்தது. கொஞ்ச நாளில், கொஞ்சமும் கூசாமல், ஒரு வெள்ளிக்கிழமை கிராணி வீட்டுக் கூடையும் வந்தது. அம்மா ராக்கம்மா அக்காவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையைத் திருப்பிக் கொடுத்தாள். "ஐயாகிட்ட சொல்லுக்கா, கீர குடுக்கச் சொல்லி எனக்கு யாரும் சொல்லலன்னு."

இப்போது கல்யாண வீடுகளில், தோட்டத்தைப் பார்த்தே இராதவர்கள், "அந்தக் காலத்து ஜனங்க பாவம், ஒண்ணும் தெரியாம அல்லூரு கரைக் கீரையைத் தின்னு கெட்டுச்சுங்க" என்று பெருமூச்சு விடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் என் இலையில் சோறு அப்படியே நிற்கிறது. தெரியவில்லையாம்! தெரிய வேண்டியவர்களுக்கு வியாழக்கிழமையே தெரியும்.

அந்தத் தோட்டம் ரப்பர் போய்ச் செம்பனையாகி, பிறகு வீட்டு மனைகளாகிவிட்டது. லயம் இல்லை. அல்லூருக்குச் சிமெண்டு பூசிவிட்டார்கள். அம்மாவும் போய்விட்டாள். சுங்கைப் பட்டாணியில் என் வீட்டு வேலியோரம் தொட்டிகளில் வல்லாரை இருக்கிறது, அடுத்த தெருவிலிருந்து செல்வி வந்து பறித்துக்கொண்டு போவாள். போன மாதம் ஒரு காலை, முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்த ஒருவர் எங்கள் ஜாலானில், தெரு ஓரத்துப் புல்லுக்கு மருந்தடித்துக்கொண்டு வந்தார். காற்று வீடுகளின் பக்கம் அடித்தது. கேட்டைத் திறந்துகொண்டு ஓடி, "என்னப்பா இது, வீட்டுக்காரங்களுக்குச் சொல்ல வேணாமா?" என்று கத்தினேன்.

அவர் நின்றார். என் வயதில் பாதி இருக்கும், கையுறை இல்லை, மூக்கில் துணி இல்லை, குழாய் ஒழுகி விரலெல்லாம் நனைந்திருந்தது.

"சொல்லச் சொல்லி யாரும் சொல்லல லா, அக்கா. எனக்கே யாரும் ஒண்ணும் சொல்லல."

தொட்டியை இறக்கவைத்து, வாசல் குழாயைத் திறந்து, அவர் கையில் சோப்பைக் கொடுத்தேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் ஒவ்வொரு கேட்டாகத் தட்டிச் சொல்லிக்கொண்டு போனேன்.