பெரியப்பாவின் இரண்டு மணித்தியால விரதம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைப் படித்து முடித்த முதல் ஆள் நான். அதனால் பெரியப்பாவின் மூத்திரப்பைக்கும் நானே பொறுப்பு. அதில் வந்த புற்றுநோயை வெட்டியெடுத்திருந்தார்கள். அது திரும்ப வராமலிருக்க, குழந்தைகளுக்குப் போடும் காசநோய்த் தடுப்பு மருந்தைக் குழாய் வழியே உள்ளே விட்டார்கள். உயிருள்ள கிருமி. அது ரகளை பண்ண, உடம்பு விழித்துக்கொண்டு புற்றையும் சேர்த்து அடிக்குமாம்.

கண்டி ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டர் சொன்னார்: "வயது போனவையின்ர உடம்பு லேசில எழும்பாது, பிள்ளை. மருந்து ரெண்டு மணித்தியாலம் உள்ளுக்க நிக்கோணும். இதுவும் சரிவராட்டி பையையே எடுக்க வேண்டி வரும்."

முந்தின கிழமை விட்ட மருந்து அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை. காலையில் சாயத்தண்ணியாகக் குடித்துவிட்டு வந்த பெரியப்பா, மருந்தை பஸ் நிலையத்துச் சுவருக்குத் தானம் பண்ணிவிட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் கிழடான மனிதரிடம் தேநீரை நிறுத்தச் சொல்வதைவிட, அரசாங்கத்திடம் யுத்தத்தை நிறுத்தச் சொல்வது சுலபம்.

இந்தக் கிழமை நான் வேறு வழி பார்த்தேன். "கதிர்காமத்துக்கு விரதம் இருந்தீங்கதானே? இதும் அப்படித்தான். விடிஞ்சதுலருந்து தண்ணி கூடாது."

"எந்தச் சாமிக்குடி?"

"மூத்திரப்பைக்கு."

"முருகன் பேர்லயே இருந்துக்கிறேன். அந்தச் சாமிக்கு எனக்குப் பாட்டுத் தெரியாது."

விரதமென்றால் அவர் குறை வைக்கமாட்டார். நெற்றி நிறையத் திருநீறு, காவி வேட்டி. மருந்தேற்றிக்கொண்டு, ஊரடங்குக்கு முன் வீடு சேர வத்தேகம பஸ்ஸைப் பிடித்தோம். சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். திருநீற்றைப் பார்த்த சிப்பாய் நேரே எங்களிடம் வந்தான். பெரியப்பாவோ வியர்த்து, தொடையை இறுக்கி நெளிந்தார். குண்டு கொண்டுவந்தவன்கூட அவ்வளவு நெளிந்திருக்கமாட்டான்.

"உள்ளே என்ன?" என்று சிங்களத்தில் கேட்டு, சிப்பாய் அவர் வயிற்றைத் தடவ வந்தான்.

சிங்களமும் நான் படித்ததுதான். "காசநோய்க் கிருமி. உயிரோடு இருக்கிறது. அமுக்கினால் உங்கள் சப்பாத்தில்தான் விழும்," என்று ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டை நீட்டினேன்.

அவன் சீட்டைத் தொடவில்லை. "யண்ட, யண்ட!" என்று எங்களை பஸ்ஸுக்கு விரட்டினான்.

பெரியப்பா வழி முழுக்க என் கைக்கடிகாரத்தையே கும்பிடுவதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் தோட்டத்து லயத்துக் கக்கூசுக்குள் அவர் நுழைந்தபோது இரண்டு மணித்தியாலம் தாண்டியிருந்தது. கிருமிநாசினிப் போத்தலோடு நான் வெளியே நின்றேன்.

"குந்திப் போங்க, பெரியப்பா! சிந்தக் கூடாது!"

"படிச்ச புள்ள பேசுற பேச்சாடி இது?"

உள்ளே வெகுநேரம் சத்தம் கேட்டது. மகாவலிகூட அவ்வளவு நிம்மதியாக ஓடியதில்லை.

"அடியே, விரதம் முடிஞ்சிருச்சி," என்றார். "கேத்தலை அடுப்புல வையி."