பச்சை பூசிய கொல்லை

தினமும் காலையில் கணினியைத் திறந்ததும் அது எனக்கு நன்றி சொல்கிறது. ‘நேற்றைய உங்கள் திருத்தங்களுக்கு நன்றி’ என்று ஃபின்னிஷ் மொழியில் ஒரு வரி. பின்லாந்தின் தம்பேரே நகரத்துக்கு வந்த புதிதில் இதைப் பெருமையாக அம்மாவிடம் சொன்னேன். கள்ளக்குறிச்சியில் வேலை பார்த்தபோது மனிதர்கள்கூட எனக்கு நன்றி சொன்னதில்லை. இப்போது அந்த வரியைப் படிக்காமலே மூடிவிடுகிறேன். வானிலிருந்து எடுத்த படங்களில் எது வயல், எது காடு, எது வீடு என்று பிரிப்பது என் வேலை. முன்பு நாங்கள் பிரித்தோம். இப்போது செயற்கை நுண்ணறிவு பிரிக்கிறது, நான் தப்பை மட்டும் திருத்துகிறேன். திருத்தத் திருத்த அது கற்றுக்கொள்கிறது. ஒரு காலத்தில் அறை நிறைய ஆட்கள் இருந்தோம். இன்று நானும் மேலாளர் பைவியும்தான்.

நானும் என் தங்கை கவிதாவும் ஒரே பாலிடெக்னிக்கில் சர்வே படித்தவர்கள். நான் படங்களை நம்பி விமானம் ஏறினேன். அவள் நிலம் அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு கல்வராயன் மலை ஏறினாள். ஒருமுறை வெள்ளிமலைப் பக்கம் அவளோடு போயிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ஆரஞ்சுக் குடையைக் கருவிக்குப் பிடித்துவிட்டு அவள் வெயிலில் நின்றாள். மகாராணி அந்தக் கருவிதான். முக்காலியை ஊன்றிய கொஞ்ச நேரத்தில் பாதி ஊர் சுற்றி நின்றது. இங்கே தம்பேரேயில் நடுத்தெருவில் அளந்தாலும் ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அளந்து போடும் கோடு தங்களை ஒன்றும் செய்யாது என்று இவர்களுக்குத் தெரியும் போலிருக்கிறது.

போன மாதம் கவிதா போனில் கேட்டாள். “வெயில்ல நின்னு நின்னு உடம்பு போயிடுச்சிக்கா. உன்ன மாதிரி கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ற கோர்ஸ் சேரலாம்னு பாக்குறேன். இன்னா சொல்ற? எந்த வேல நிக்கும்?”

யோசித்துச் சொல்கிறேன் என்று மழுப்பினேன்.

இந்த வாரம் ட்ரோன் எடுத்த கல்வராயன் மலைப் படங்கள் என் திரைக்கே வந்தன. மலைக்காரர்கள் ஒரு கொல்லையில் சில வருடம் சாமை விதைப்பார்கள், பிறகு மண் தேற வேண்டுமென்று சும்மா போட்டுவிடுவார்கள். புதர் மண்டிக் கிடக்கும் அந்தக் கொல்லைகளுக்கெல்லாம் இயந்திரம் காட்டின் பச்சையைப் பூசியிருந்தது. பதறிப்போய் பைவியிடம் காட்டினேன்.

“காடுதானே? நல்ல விஷயம்தானே?” என்றார் அவர், மனதாரச் சிரித்தபடி. அவருக்குக் காடு என்றால் யார் வேண்டுமானாலும் போய்ப் பழம் பறிக்கும் இடம். எங்கள் பக்கத்தில் நிலத்தைக் காடு என்று எழுதிவிட்டால் உழுதவன் வெளியே நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எவ்வளவோ விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு, காபி வேண்டுமா என்று கேட்டார்.

திருத்த உட்கார்ந்தேன். ஒரு கொல்லையின் நடுவில் ஆரஞ்சுப் புள்ளி ஒன்று. கவிதாவின் குடை. ‘அடையாளம் தெரியாத பொருள். அகற்றலாமா?’ என்று திரை கேட்டது. வேண்டாம் என்று அழுத்தி, கொல்லையைக் காட்டிலிருந்து வயலாகத் திருத்திவிட்டு அவளுக்கு போன் போட்டேன்.

“இந்தக் கம்ப்யூட்டர் வேலப் பக்கம் வராதடி. என் வேல இன்னும் கொஞ்ச நாள்தான்.”

“அப்ப என் வேல நிக்குமா?”

“நிக்கும்னுதான் நெனைக்கிறேன்.”

கவிதா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. “ஆமாக்கா, நிக்கும். எல்லக் கோட்ட உன் கம்ப்யூட்டரே போட்டு அனுப்புது. நான் போயி கல்லு நட்டா போதும்ன்றாங்க. ஜனங்ககிட்ட ஏச்சு வாங்க ஒரு ஆளு வேணுமில்ல?”

மறுநாள் காலை இயந்திரம் வழக்கம்போல நன்றி சொன்னது. அதே கொல்லையின் வேறொரு படத்தைத் திறந்தேன். இந்த முறை அது என்னை எதுவும் கேட்கவில்லை. உலகமெங்கும் திருத்துகிறவர்கள் இப்படிப்பட்ட புள்ளிகளுக்கு ‘அகற்று’ என்று அழுத்தியிருப்பார்கள், என் ஒரு ‘வேண்டாம்’ அதில் கரைந்து போயிருக்கும். குடை இல்லை. கொல்லை மீண்டும் பச்சையாகியிருந்தது.

போன் அடித்தது. கவிதாதான். பின்னால் ஒரே கூச்சல்.

“அக்கா, போன தடவ குட விரிச்ச கொல்லயிலதான் நின்னுக்கினு இருக்கேன். கல்லு நடக்கூடாதுன்னு ஜனம் கூடிக்கினே இருக்குது. இவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

யாரோ ஒருவர் அவளை மீறிக் கத்தினார். “ரெண்டு வருசம் சும்மா வுட்டா அது காடாயிடுமாம்மா? நாங்க எங்க போறது?”

காதில் என் ஊர்க்காரர்களின் குரல் ஏறிக்கொண்டே போனது. கண்ணெதிரே திரையில், அவர்கள் நிற்கும் அந்த இடத்தில், ஒருவரும் இல்லை.