எண்ணெய் படாத கை

உள்ளங்கை இரண்டையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் ஆண்டாயி, பாயில் படுத்திருப்பவரின் வயிற்றில் கை வைப்பாள். வைத்த கையை அசைக்க மாட்டாள். "வாந்தி பச்சையா வந்திச்சா? காத்துப் பிரியுதா? நேத்து வெளிய போனியா?" என்று கேட்பாள். ஒரு பதில் கோணலாக வந்தாலும், "எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போ" என்பாள். எவ்வளவு கெஞ்சினாலும் இப்போதெல்லாம் தடவ மாட்டாள்.

நெல்லியாளத்துப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். சிலோனிலிருந்து கப்பலேறி வந்து முப்பது வருஷமாகியும் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டை 'லயம்' என்றுதான் சொல்வாள். குடலேற்றம் எடுக்கச் சிலோனிலேயே கற்றுக்கொண்டாள். பாரம் தூக்கியோ பட்டினி கிடந்தோ குடல் பிசகி மேலேறிக்கொண்டால் வயிறு வலிக்கும், விளக்கெண்ணெய் போட்டுத் தடவி இறக்கினால் சரியாகிவிடும் என்பது லயத்து நம்பிக்கை. ஆண்டாயி கைராசிக்காரி என்று பேர். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, இல்லையென்றால் பொய்.

தேயிலை விலை படுத்த வருஷம் எஸ்டேட் டிஸ்பென்சரியைப் பூட்டினார்கள். வேலையும் வாரத்துக்கு மூன்று நாளானது. அப்போதுதான் பக்கத்து வீட்டு முத்துவேலுக்கு வயிற்றுவலி வந்தது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற திடமான ஆள், சுருண்டு துடித்தான். ஆண்டாயி தடவினாள். தொப்புளுக்குப் பக்கத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஏதோ உருண்டு, விரலுக்கடியில் நழுவி மறைந்தது. வலியும் நின்றது. "ஏறின குடலு எறங்கிருச்சு தம்பி" என்றாள். அடுத்த மாதமும் அதே கட்டி, அதே தடவல், அதே சுகம். "ஒங்க கை பட்டாலே போதும்க்கா" என்று சொல்லிவிட்டு அவன் மலைக்கு வேலைக்குப் போய்விட்டான். கிடைக்கிற மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்க எவனுக்கு மனசு வரும்?

மூன்றாம் முறை கட்டி நழுவவில்லை. ஆண்டாயி காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் தடவினாள். வயிறு பலகையாக இறுகிய பிறகுதான் ஜீப்புக்கு ஆள் ஓடியது.

அவசரமாக வயிற்றைத் திறந்துபார்த்த டாக்டர் வெளியே வந்து சொன்னார்: சிறுகுடலில் ஒரு கட்டி. லட்சத்தில் ஓரிருவருக்கு வருவது. அது குடலைக் குடலுக்குள்ளேயே இழுத்துச் செருகிவிடும். சில சமயம் தானாகவே விடுபடும், வலியும் போய்விடும். இந்தத் தடவை விடுபடவில்லை, குடல் கறுத்து அழுகிவிட்டது. "நீங்க தடவி வந்ததில்லைம்மா இது. முதல் வலிக்கே வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார். தடவி வந்ததில்லை என்றது ஆண்டாயி காதில் ஏறவே இல்லை. நான்காம் நாள் முத்துவேல் போய்ச் சேர்ந்தான்.

யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. முத்துவேலின் மனைவி சுகுணாகூடச் சொல்லவில்லை. ஆனால் மூன்று வருஷமாக ஆண்டாயி வீட்டு வாசலை அவள் மிதிக்கவும் இல்லை. வாய்விட்டு ஏசியிருந்தால் இவள் அழுது தீர்த்திருப்பாள். குழாயடியில் சுகுணா நின்றால், அவள் குடம் நிறைந்து போகும்வரை இவள் கதவுக்குப் பின்னாலேயே நிற்பாள்.

போன வாரம் ஒரு காலையில், மகள் ரஞ்சனியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு சுகுணா வந்து நின்றாள். பன்னிரண்டு வயதுப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆண்டாயி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நான் தொடலை புள்ள. ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிரு."

"போகணுமா வேணாமான்னு கேக்கத்தான் வந்தேன்க்கா. அவருக்கு இருந்த கட்டியத் தொட்டுப் பாத்தது ஒங்க கை ஒண்ணுதானே" என்றாள் சுகுணா.

ஆண்டாயி கையைத் தேய்த்துச் சூடாக்கினாள். பாயில் படுத்த ரஞ்சனியின் வயிற்றில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். வயிறு மெத்தென்றுதான் இருந்தது, உருளுகிற எதுவும் தட்டுப்படவில்லை. கேள்விகளுக்கும் பதில் நேராகவே வந்தது. சுகுணா மாடத்திலிருந்த விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்து நீட்டி, "லேசாத் தடவி விடுங்கக்கா" என்றாள்.

ஆண்டாயி அதை வாங்கி இருந்த இடத்திலேயே வைத்தாள். "மொத வலிக்கே காட்டிரலாம். பஸ்ஸு வர்ற நேரந்தான். நானும் வாறேன்" என்று கொடியில் கிடந்த சால்வையை எடுத்தாள். ரஞ்சனியைப் பிடித்து எழுப்பப் போகுமுன், எண்ணெயே படாத கையை முந்தானையில் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.