ஃபோமட் அடித்தால் சரிவரும்

சனிக்கிழமை காலை முழுவதும் ஒரு பென் ட்ரைவோடு மல்லுக்கட்டினேன். லெப்டொப் கிழடாகிவிட்டது என்று அதில் லினக்ஸ் போட்டிருந்தேன். போடுவதற்கு முன் எல்லாவற்றையும் அந்தப் பென்னில் ஏற்றி வைத்தேன். அதில்தான் அப்பாவின் குரல் இருந்தது. தொண்டையில் ஒப்பரேஷன் செய்தபிறகு அப்பாவுக்குப் பேச்சு இல்லை, கைதட்டித்தான் கூப்பிடுவார். அவர் பேசிய ஒரே பதிவு அது, வேறெங்கும் இல்லை.

புது சிஸ்டம் பென்னின் பெயரைக் காட்டியது, திறக்க மறுத்தது. மவுண்ட் செய்ய முடியவில்லையாம். கழற்றினேன், ஊதினேன், மறுபடி மாட்டினேன். சனியனே, பெயர் தெரிகிறதே, திறந்தால் என்ன குறைந்துவிடும்? அலுத்துப்போய் அழுகையே வந்தது. பின்னால் கதிரையில் அப்பா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை.

கட்டுகஸ்தோட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மடவளை நானாவுக்கு ஃபோன் எடுத்தேன். என் மாணவியின் வாப்பா அவர்; அண்ணன் முறைக்கு நானா என்பேன்.

"புது சிஸ்டம் போட்டதுல இருந்து பென் தெறக்க மாட்டேங்குது, நானா."

"சிஸ்டம் சரியா ஏறல்ல போல, மிஸ். ஒருக்கா ஃபோமட் அடிங்க, சரிவரும்."

பென்னின் மேல் ரைட் கிளிக் செய்தேன். ஃபோமட் என்று இருந்தது. இருந்த களைப்பில் விரல் அதன்மேல் போய்விட்டது. ஏதோ உறுத்த, கேட்டேன்.

"உள்ள இருக்கிறதெல்லாம் போயிறாதா, நானா?"

"இப்பதானே சிஸ்டம் போட்ட, உள்ளுக்கு என்ன ஈக்கப் போகுது?"

"அய்யோ, பென்னுக்குள்ள."

"யா அல்லாஹ்! பென்னுக்கா? நான் லெப்டொப்புக்கெல்லவா சொன்ன! கைய எடுங்க மிஸ்!"

எங்கள் பக்கத்தில் சிஸ்டம் புதிதாகப் போடுவதற்கே ஃபோமட் அடிப்பது என்றுதான் பெயர். நானும் அப்படித்தான் சொல்வேன். விரலை மெல்ல விலக்கினேன்.

பழைய சிஸ்டத்திலிருந்து பென்னை வெடுக்கென்று பிடுங்கியதுதான் கோளாறாம். பஸ் பிடித்துக் கடைக்குப் போனேன். நானா தன் விண்டோஸ் மெஷினில் மாட்டி, பிழை திருத்தி, முறையாகக் கழற்றித் தந்தார். வீட்டில் மறுபேச்சில்லாமல் திறந்தது.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் எடுத்த பதிவு. சத்தத்தைக் கூட்டினேன்.

"அந்த ஃபோன அங்கிட்டு வையி. சோறு ஆறுது. எங் கொரல் எங்க ஓடிறப் போகுது?"

அப்பா தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூடிவிடலாம் என்று கையை வைத்தபோது பின்னாலிருந்து கைதட்டினார். திரும்பினேன். ஒற்றை விரலைக் காட்டினார்: இன்னொரு தடவை.