மலையடிவாரத்துக்கு ஒரு டப்பா மீனெண்ணெய்

போன வாரம் என் மனைவி பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கண்டெடுத்தாள். மூடியைத் திறந்தவள், செத்த பெருச்சாளியை வாலைப் பிடித்துத் தூக்கி வருவதுபோல் அதை உடம்பில் படாமல் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். உள்ளே ஒரு கந்தல் துணி. அதன் அடியில் தேன் நிறத்தில் உறைந்த, தேனோடு வேறெந்த உறவும் இல்லாத ஒரு வஸ்து. "யாரு வேலை இந்தக் கண்றாவி?" என்று கேட்டாள். நான் பத்திரிகையை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டேன். சங்கடமான கேள்விகளுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் அதுதான்.

அது சுறா மீனெண்ணெய். ராயபுரத்தில் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். ஜன்னல் கம்பி, கீல், பூட்டு, சைக்கிள் செயின் எல்லாவற்றுக்கும் அங்கே மீனெண்ணெய்தான் மருந்து. படகுக்குப் பூசியதில் மிச்சத்தை வீட்டுக்குப் பூசுவார்கள். அந்த நாற்றத்தை விவரிக்க எனக்குத் தமிழும் போதவில்லை, இங்கிலீஷும் போதவில்லை. தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். சாப்பிடும் சோற்றில், படிக்கும் புத்தகத்தில், கும்பிடும் கற்பூரத்தில்கூட வரும். எனக்கு மூக்கு கொஞ்சம் நீளம், உருவத்திலும் குணத்திலும். பதினைந்து வருடம் அந்த ஊரில் இருந்தும் அதைக் கடற்கரைக்காரனாக்க என்னால் முடியவில்லை.

யுத்தம் முடிந்த சமயம். திருவொற்றியூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் நான் டெஸ்பாட்ச் குமாஸ்தா. எங்கள் ஸ்டோர் கீப்பர் என்னைவிட எட்டு வயது மூத்தவர், கல்யாணமாகாதவர். எல்லோரும் அவரை 'ஸ்டோர்' என்றே கூப்பிடுவோம். கூடையில் மீன் விற்றே வளர்த்த தாயின் பிள்ளை. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். பட்டறையில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு பொருள் அவர் அலமாரியில் இருக்கும்: சந்தன சோப்பு. மணியடித்ததும் மற்றவர்கள் கரியைக் கழுவுவார்கள். அவர் கரி போன பிறகும் கழுவிக்கொண்டிருப்பார். மீன் வாசனை அவரிடம் துளியும் இல்லை. ஆனாலும் கழுவுவார்.

எங்களுக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. அன்று நாங்கள் தூங்குவோம். அவர் விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். செங்குன்றம் ஏரிக்கரை, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, அதற்கு அப்பால் ஆற்றைக் கடந்து நாகலாபுரத்து மலைகளின் அடிவாரம் வரை சரளைப் பாதைகள் அவருக்கு உள்ளங்கை ரேகை. அவற்றை ஒரு நோட்டில் படம் போட்டு வைத்திருந்தார். சரளையில் அவருக்கு மூன்று ஜாதி. பட்டாணிச் சரளையில் ஏறி மிதிக்கலாம். கொட்டைப்பாக்குச் சரளையில் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்க வேண்டும். எலுமிச்சைச் சரளை வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். எந்தக் கல்லாக இருந்தாலும் செயின் எண்ணெய்ப் பசையில்லாமல் காய்ந்திருக்க வேண்டும் என்பது அவர் வேதம்.

அந்த அடிவாரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். ஒருநாள் அதன் வாசலில் அவருக்கு பஞ்சர். டியூபில் ஓட்டை எங்கே என்று பார்க்க ஒரு வாளி தண்ணீர் கேட்டிருக்கிறார். கொண்டுவந்த டீச்சர், தானே டியூபைத் தண்ணீரில் அமுக்கி, "இதோ, குமிழி" என்று இவருக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டாராம். அதற்குப் பிறகு இரண்டு செவ்வாய்க்கு ஒருமுறை அவர் டயர் சரியாக அந்த வாசலில்தான் பஞ்சரானது. ஒரு வருடத்தில் டியூப் முழுவதும் ஒட்டுகள். "ரோடு அப்படி, நைனா" என்பார் என்னிடம், முகத்தை அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டு.

டீச்சருக்கு இவரைப் பிடித்துவிட்டது. முடிவு செய்ய வேண்டியவர் அண்ணன், அங்கேயே மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவருக்கு மீன்காரர் வீடு என்பதில் ஒரு நெருடல். ஆனாலும் தங்கை விடவில்லை. கடைசியில், 'உம்மை நன்றாகத் தெரிந்த, உத்தியோகத்தில் இருக்கும் கௌரவமான ஆள் ஒருவரை அழைத்து வாரும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் கோயிலில் ஓலை வாசிக்கச் சொல்லிவிடலாம்' என்று எழுதினார். மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்தால் அவர்களுக்குக் கல்யாணம் நிச்சயம். அந்தக் கௌரவமான ஆளாக ஸ்டோர் என்னைத் தேர்ந்தெடுத்தார். மனிதர்களை எடைபோடுவதில் அவர் அவ்வளவு கெட்டிக்காரர் அல்ல என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

திங்கள்கிழமை சாயங்காலம் அவர் சைக்கிளை என் வீட்டில் விட்டுவிட்டு முடி வெட்டிக்கொள்ளப் போனார். "சும்மா துணியால தொடச்சி வை நைனா, போதும். ஒண்ணும் பூசாதே." நான் படித்தவன். வெள்ளைக்காரர்கள் பள்ளத்தாக்குகளில் சைக்கிள் விட்ட கதைகளையெல்லாம் வாசித்தவன். நாற்பத்தைந்து மைல் போகிற இரும்புக்கு எண்ணெய் வேண்டாமா? காசிமேட்டில் எண்ணெய் விற்கும் கிழவியிடம் போனேன்.

"இன்னா சாமி, நீ மூக்கப் புட்சிகினு வாங்குற?"

"நாளைக்கு ஒருத்தருக்குப் பெண் பார்க்கப் போறோம், ஆயா."

"அப்ப நல்லா தாராளமா பூசு. வண்டி கத்திச்சின்னா பொண்ணு பயந்துக்கும்."

தாராளமாகத்தான் பூசினேன், மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு. இரண்டு சைக்கிளுக்கும். செயின், பெடல், சீட்டுக்குக் கீழிருக்கும் ஸ்பிரிங், எதையும் விடவில்லை. மிஞ்சியதைத் துணியோடு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன்.

விடியற்காலையில் ஸ்டோர் சலவைச் சட்டையும் சந்தன மணமுமாக வந்தார். சைக்கிளைத் தொட்டார், விரலை மோந்தார். "மீனெண்ணெயா?" என்றார். "துருப் பிடிக்காது" என்றேன். "அது சரி" என்றார். அதைத் துடைத்தெடுக்க வழியெல்லாம் மண்ணெண்ணெய் கேட்டுப் பார்த்தார். ரேஷன் காலம், ஒரு சொட்டுக் கிடைக்கவில்லை.

உப்புக்காற்றுக்கு எது மருந்தோ அது புழுதிக்கு விருந்து. செங்குன்றம் தாண்டியதுமே செம்மண் செயினில் ஒட்டிக் களியாயிற்று. வெயில் ஏற ஏற அந்தக் களி உருகி, வேட்டியில் தெறித்து, காலில் வழிந்தது. ஈக்கள் முதலில் வந்தன. பெரியபாளையத்தில் இரண்டு நாய்கள் சேர்ந்துகொண்டன. ஊத்துக்கோட்டையில் அது ஏழாயிற்று. வேலமரத்தடியில் இளைப்பாறியபோது எறும்புகள் டயர் வழியாக ஏறி சீட்டில் குடியேறின. எங்கே குடியேறின என்பது மறுபடி உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. ஒரு மோர்க்காரி கொடுத்த மோரைக் குடிக்கக் கையைத் தூக்கினேன். கை முகத்துக்கு அருகே வந்ததும் காலையில் சாப்பிட்டதெல்லாம் சாலையோரம் போயிற்று. வண்டிக்காரன் ஒருவன் மாட்டை நிறுத்தி, "கருவாடு என்னா விலை போடறீங்க?" என்று கேட்டான். நாய்கள் பதிலுக்காகக் காத்திருந்தன.

மலைகள் நன்றாகத்தான் இருந்திருக்கும். இரண்டு பக்கமும் பச்சையாக ஏறி, நடுவில் ஓடையும் பாதையுமாக ஒரு பள்ளத்தாக்கு. ஸ்டோர் மூச்சு வாங்கிக்கொண்டே, "பாத்தியா நைனா, இதுக்குத்தான்" என்றார். நான் பார்க்கவில்லை. கொட்டைப்பாக்குச் சரளையில் செயின் ஒவ்வொரு பல்லிலும் நறநறவென்று அரைக்க, அவர் முதுகில் சந்தனமும் சுறாவும் வேர்வையும் சேர்ந்து அடித்த வாடையைத் தாங்காமல், அவரைவிட நூறு கஜம் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வருகிறவர்கள் எங்களைச் சேர்த்துப் பார்த்துவிடக் கூடாதே என்பதும் ஒரு காரணம்.

கம்பவுண்டர் வீட்டு முற்றம் ஆஸ்பத்திரிபோல் துடைத்து வைத்திருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கார்பாலிக் சோப்பு வாசனை. எங்களுக்குப் பின்னால் நாய்கள் உள்ளே நுழைந்தன. அவர் மூக்கு சுருங்கியது. என் மூக்குக்கு ஒரு சொந்தக்காரனைக் கண்டுபிடித்த நிம்மதி எனக்கு.

"என்னாங்க நாத்தம் இது?"

இது என் முறை. வாய் திறந்து, 'நான் பூசினேன், அவர் வேண்டாமென்றுதான் சொன்னார்' என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? நான் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நாந்தான் பூசினேங்க" என்றார் ஸ்டோர். "கடல் பக்கம் பழக்கம். தப்பாப் போச்சி."

மத்தியான இடைவேளைக்கு டீச்சர் வந்தார், கையெல்லாம் சாக்பீஸ் தூள். சைக்கிளைப் பார்த்தார், நாய்களைப் பார்த்தார், ஸ்டோரின் வேட்டியைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. "இன்னைக்கு பஞ்சர் இல்லியா?" என்றார். ஸ்டோரும் சிரித்தார். அந்த முற்றத்தில் நாற்றம் தெரியாதவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். டீச்சர் ஒரு பழந்துணியை எடுத்து வந்து, செயினுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, சகஜமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

தங்கையின் விரல்கள் கறுப்பாவதை அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பினார். என் நெற்றியில் விபூதி இருந்தது. அதற்கு அவர் ஒரு மரியாதை கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

"சார், நீங்க சொல்லுங்க. எத்தினி வருசமா தெரியும் உங்களுக்கு இவர?"

ஆறு வருடம். எனக்கு டைபாய்டு வந்தபோது பதினெட்டு நாள் என் வீட்டுக்கு ஐஸ் சுமந்தவர். துறைமுகத்தில் குண்டு விழும் என்று ஊரே ஓடியபோது என் பெண்டாட்டி பிள்ளைகளைச் செங்கல்பட்டுக்கு ரயிலேற்றிவிட்டவர். எல்லாம் நினைவுக்கு வந்தது. கூடவே அந்த எண்ணெய் என் நாக்கில் ருசித்தது. என் வேட்டியில் கருவாட்டுக் களி, பின்னால் எறும்புக்கடி, எதிரே கார்பாலிக் மணக்கும் ஒரு கனவான். இந்த மனிதரோடு சேர்த்து எண்ணப்படுவது எனக்குக் கூசியது.

"ஆபீஸ்லே பார்த்திருக்கேன்" என்றேன்.

டீச்சரின் கை செயின்மேல் நின்றது. கம்பவுண்டர் தலையை ஆட்டிக்கொண்டார். சாப்பாடு போட்டார்கள், கோழிக்குழம்பு. நான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

திரும்பும்போது ஆரணியாற்று மணலில் ஸ்டோர் இறங்கினார். முதலில் என் சைக்கிளைச் சாய்த்து, மணலும் தண்ணீரும் போட்டு செயினைத் தேய்த்தார். பிறகுதான் தன்னுடையதை எடுத்தார். நான் கரையில் உட்கார்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தேன். தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "நீ ஒண்ணும் பொய் சொல்லிடலே நைனா. ஆபீஸ்லே பாத்துகினுதான கீறோம்."

பத்து நாளில் கம்பவுண்டரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. இரண்டு வரி. பட்டறை வாசலில் படித்து, மடித்து, நோட்டுக்குள் வைத்தார். அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அவரும் தூங்கினார். என்னிடம் எப்போதும்போல, "வா நைனா" என்பார். அது எனக்குச் சகிக்கவில்லை. ஒரு திட்டுத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லி ஆறியிருப்பேன். மறு வருடம் காக்கிநாடா பக்கம் வேலை கிடைத்துப் போனார். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. நான் பத்திரிகைகளுக்கு எழுத ஆரம்பித்தேன். மூக்குப்பொடி முதல் முனிசிபாலிடி வரை எல்லாவற்றைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். 'எண்ணெய் பூசியது நான், அவர் அல்ல. அவரை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும்' என்று ஒரு கம்பவுண்டருக்குக் கார்டு எழுத மட்டும் பலமுறை உட்கார்ந்து, தேதியை மட்டும் எழுதிவிட்டு எழுந்திருக்கிறேன்.

நாற்றம் என்று நான் வாழ்நாள் முழுவதும் முகம் சுளித்தது எதை என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கையில் பட்ட மீனெண்ணெய் சிகைக்காய் போட்டால் மூன்று நாளில் போய்விடும்.

"காது கேக்கலையா? யாரு வேலைன்னு கேட்டேன்" என்றாள் மனைவி, டப்பாவோடு அங்கேயே நின்றுகொண்டு.

பத்திரிகையை இறக்கினேன். "நான்தான் பூசினேன்" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. டப்பாவைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனாள். சற்று நேரத்தில் தெருநாய் ஒன்று சுவரேறிக் குதித்தது.