பதினாறுக்குப் பதினாறு

இதில் ஒரு வார்த்தைகூட நான் சேர்த்துச் சொல்லவில்லை. சேர்ப்பதாக இருந்தால் எங்கள் அத்தானை இன்னும் கொஞ்சம் நல்ல மனிதராகக் காட்டியிருப்பேன். நடந்ததும் நள்ளிரவில் அல்ல, சாயங்காலம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு. பேய்க்கும் ஆபீஸ் நேரமா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். அத்தான் தன் வாயால் எங்கள் அம்மாவிடம் சொன்னது இது. பக்கத்தில் நானும் இருந்தேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நாலு மாடிக் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் அவர்கள் வீடு, வாசலிலேயே இஸ்திரிக் கடை. இரண்டாவது மாடியில் நானும் அம்மாவும். நாற்பத்தெட்டு வீட்டுத் துணியும் அத்தான் கைக்குத்தான் போகும். வேலைக்குப் போகிறவர்கள் சாவியையும் அவரிடமே கொடுத்துவிடுவார்கள். தேய்த்த துணியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வருவார். ஒரு கைக்குட்டை குறைந்ததில்லை. அவ்வளவு நாணயம்.

எங்கள் கட்டடத்தை இடித்துவிட்டு உயரமாகப் புதுக் கட்டடம் கட்டப் போவதாக அறிவிப்பு வந்தது. விதி ஒன்றுதான். இப்போதைய வீடு இருநூற்றைம்பது சதுர அடிக்குக் குறையாமல் இருந்தால் இதே இடத்தில் புது வீடு. குறைந்தால் ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகிற இடத்தில் ஒரு வீடு. அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. எங்கள் வீடு பதினாறுக்குப் பதினாறு, அதாவது இருநூற்று ஐம்பத்தாறு. கணக்குப் போட்டுப் பார்த்த அன்று அம்மா நிம்மதியாகத் தூங்கினார்.

அளக்க வந்த சர்வேயர், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் கேட்டார். எல்லோரும் அத்தானைக் கைகாட்டினோம். நம்ம ஆள் பிடித்தால் நம்ம அளவு குறையாது என்ற நினைப்பு. நாங்களே தேடிப் போய் வைத்துக்கொண்ட ஆப்பு அது.

மூன்றாம் நாள் சர்வேயர் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டார்.

“எல்லாருக்கும் இங்கயே எடம் குடுக்க முடியாது. சொல்ற வீட்ல மட்டும் முனைய சுவத்துல வைக்காம ஒரு அடி தள்ளிப் பிடிங்க. உங்க வீட்ட நான் தொடமாட்டேன்.”

அத்தான் வீடு பதினேழுக்குப் பதினாறு. அதைக் காப்பாற்றிக்கொள்ள அவர் தலையாட்டினார்.

கட்டிலுக்கும் பீரோவுக்கும் பின்னால் குந்தி உட்காருகிற மனிதனின் கையை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? எங்கள் வீட்டை அளந்த அன்று அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார். குடித்தார். பிறகு அம்மாவின் கட்டிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து ஒரு அடி தள்ளிப் பிடித்தார். புத்தகத்தில் பதினைந்து என்று விழுந்தது. இருநூற்று நாற்பது. “பழைய கட்டடம் அத்தே... கண்ணுக்குத்தான் பெருசாத் தெரியும்,” என்று அம்மாவுக்கு ஆறுதல் வேறு சொன்னார். நாங்களும் நம்பினோம்.

நம்பாதவர் ஒருவர்தான், மூன்றாவது மாடி நர்சம்மா. ஓய்வு பெற்ற நர்ஸ், தனி ஆள். அவர் வீடும் எங்களுடையதைப் போலவே பதினாறுக்குப் பதினாறு. தானே அளந்து வைத்திருந்தார். பதினைந்து என்று எழுதியதும் ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டு நேராக இஸ்திரிக் கடைக்கு வந்தார்.

“முனைய எங்க வச்ச?”

“சுவத்துலதாங்க்கா.”

அவர் அத்தானின் முகத்தைப் பார்த்தார். பிறகு படியேறிவிட்டார். அந்த வாரமே உடம்புக்கு முடியவில்லை என்று வெளியூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனார். போகும்போது வீட்டுச் சாவியை, வழக்கம்போல, அத்தானிடம்தான் கொடுத்தார்.

பதினெட்டாம் தேதி. அவருடைய ஆட்சேபணைக்காக மறு அளவு எடுக்க வேண்டும்.

“நீங்க போய் முனையப் பிடிங்க. வந்துர்றேன்,” என்றார் சர்வேயர்.

அத்தான் மூன்றாவது மாடிக்குப் போய்ப் பூட்டைத் திறந்தபோது மணி 4.08. டேப்பின் டப்பாவை வாசற்படியில் வைத்தார். முனையை மட்டும் இழுத்துக்கொண்டு உள்ளே போனார். அறையின் நடுவே பலகைத் தடுப்பு. கடைசிச் சுவருக்குப் போய்விட்டால் வாசல் தெரியாது.

குந்தி உட்கார்ந்தார். ஒரு அடி தள்ளிப் பிடித்தார். பழகிய கை.

4.10. சர்ர்ர்... டேப் இறுகியது.

சர்வேயர் வந்துவிட்டார் என்றுதான் நினைத்தார். ஆனால் படியில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அதோடு, மனிதர் பிடித்தால் டேப் லேசாக ஆடும், நடுவில் கொஞ்சம் தொய்யும். இது ஆடவில்லை. தொய்யவும் இல்லை.

அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. அளவு எடுத்தாயிற்று என்றால் சர்வேயர் வெடுக்கென்று ஒரு தடவை இழுப்பார். முனை சரியில்லை என்றால் இரண்டு தடவை.

வெடுக். வெடுக்.

இரண்டு தடவை.

“சரியாத்தான் இருக்கு சார்.”



வெடுக். வெடுக்.

“சார்...?”

அப்போது ஜன்னல் வழியாக ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. கீழே தெருவிலிருந்து. எட்டிப் பார்த்தார். சர்வேயர் நடைபாதையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

மணி 4.13.

டேப் இன்னும் இறுகியே இருந்தது.

விட்டுவிடப் பார்த்தார். விரல் பிரியவில்லை.

வெடுக். வெடுக்.

உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார். அரை அடி...

ஒரு அடி...

முனை சுவரில் பட்டது.

வெடுக்.

ஒரே ஒரு தடவை.

டேப் தொய்ந்து தரையில் விழுந்தது.

வாசலில் யாரும் இல்லை. டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது. டேப் ஓடாதபடி டப்பாவின் பூட்டுப் பொத்தானை யாரோ அழுத்தி வைத்திருந்தார்கள். பதினாறில்.

4.20க்கு சர்வேயர் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார். “எவ்வளவு?”

இந்த இடத்தை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவ்வளவும் பார்த்துவிட்டு, முதுகெல்லாம் வேர்த்து நின்ற மனிதர், வாயைத் திறந்து என்ன சொன்னார் தெரியுமா?

“பதினஞ்சு சார்.”

இருபதாம் தேதி நர்சம்மாவின் தம்பி சாமான் எடுக்க வந்தார். அத்தான் சாவியைக் கொடுத்துக்கொண்டே விசாரித்தார்.

“அக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு?”

“அக்கா ஒம்பதாம் தேதியே போயிட்டாங்க.”

இருபத்தொன்றாம் தேதி, காலை 5.40. அத்தான் வீட்டில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே துடைப்பம் வைக்கும் இடத்தில் துடைப்பம் நிற்கவில்லை. “கட்டில நகத்துனீங்களா?” என்று அக்கா கேட்டாள். அவர் நகர்த்தவில்லை. அக்கா கடைக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு அளந்தார். பதினாறு அடி ஐந்து அங்குலம்.

இருபத்து நான்காம் தேதி, காலை 6.05. பீரோ கதவு பாதிதான் திறந்தது. பதினாறு அடி.

இருபத்தேழாம் தேதி. விரித்த பாயின் ஓரம் சுவரில் ஏறி மடங்கியது.

அதற்குப் பிறகு அவர் அளக்கவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி சரிபார்க்க ஒரு பெண் பொறியாளர் வந்தார். மாடிக்கு ஒரு வீடு மட்டும் பார்ப்பார்களாம். கீழ்த்தளத்தில் அத்தான் வீடு. அந்தப் பொறியாளர் கையில் டேப் இல்லை, லேசர் கருவி. முனை பிடிக்க ஆளே வேண்டாம்.

“பதினஞ்சுதான் வருது. பழைய வரைபடத்துல பதினேழு இருக்கே? சுவரத் தள்ளிக் கட்டினீங்களா?”

வாசல் பக்கம் இருந்த கடையை அளந்தார். பின்பக்க நடையையும் அளந்தார். எதுவும் ஒரு அங்குலம் கூடவில்லை. சுவர்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன. உள்ளே மட்டும் இரண்டு அடி இல்லை.

பட்டியலைக் கேட்டில் ஒட்டினார்கள். அத்தான் வீடு இருநூற்று நாற்பது, ஊருக்கு வெளியே. இரண்டாவது மாடியில் அவர்கள் சரிபார்த்தது எங்கள் வீட்டை அல்ல. அதனால் நாங்களும் ஊருக்கு வெளியே. மூன்றாவது மாடியில் ஆட்சேபணை இருந்ததால் நர்சம்மா வீட்டைப் பார்த்திருந்தார்கள். பதினெட்டுக்குப் பதினாறு. இருநூற்று எண்பத்தெட்டு. இதே இடத்தில் புது வீடு. அவர் இறந்துபோனதை யாரும் ஆபீஸில் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம்தான் அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். அக்கா வாசலைவிட்டு உள்ளேயே வரவில்லை. அம்மா அழவில்லை, திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

“என் கட்டிலுக்குப் பின்னால அவ்வளவு நேரம் குந்தி இருந்தீங்களே... கால் வலிக்கலையா மாப்ள?”

மூன்று வருடம் ஆகிவிட்டது. அம்மாவை இரண்டு பஸ் மாற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். திரும்பி வரும்போது ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து வைத்துக்கொள்வார். இரண்டாவது பஸ்ஸில் பல நாள் உட்கார இடம் இருக்காது.

போன மாதம் புதுக் கட்டடம் முடிந்தது. ஒரு காலி வீடாவது கிடைக்குமா என்று கேட்க ஆபீஸுக்குப் போனேன். நர்சம்மா பெயருக்கு ஒதுக்கிய வீடு சும்மாதானே பூட்டிக் கிடக்கும் என்பது என் எண்ணம். எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார்.

“அது காலி இல்லம்மா. செவ்வாய்க்கிழமை காலைல 11.35க்கு அவங்களே வந்து சாவி வாங்கிட்டுப் போயிட்டாங்க. நர்சு வேலை பாத்தவங்கதானே?”

கையெழுத்தைக் காட்டினார். நர்சம்மாவின் பெயர்தான்.

“ரெண்டாவது மாடியில இருந்தவங்களா நீங்க?” என்றார் அவர், பதிவேட்டை மூடிக்கொண்டே. “உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. உங்கம்மா ரொம்ப தூரம் அலையுறாங்களாமே. எங்கிட்ட ரெண்டு அடி கூடுதலா இருக்கு, வந்து படுத்துக்கச் சொல்லுங்கன்னாங்க.”

அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கிளம்பிவிடுவார்.