ஒரு கிராம் தேய்மானம்

என் கல்யாண மோதிரம் ஐம்பது வருடத்தில் தேய்ந்து நூலாகிவிட்டது. மீன் வெட்டும்போதும், கருவாட்டுக்கு உப்புப் போடும்போதும், சட்டியை மணலால் தேய்க்கும்போதும் அது விரலில்தான் இருந்தது. என் மனுசனின் மோதிரமோ கொழுத்துப்போய், சுவாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் கிடந்தது. எங்கள் பக்கத்தில் கடலுக்குப் போகிறவர்கள் மோதிரம் போடுவதில்லை. வலை இழுக்கும்போது மோதிரத்தில் மாட்டினால் விரலையும் கொண்டுபோய்விடும். ஆகவே அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் சொன்னேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் பேணியைத் திறந்து காட்டுவேன்.

"ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாருங்கோ. ஆர் வேலை செய்தது எண்டு அதுகளே சொல்லும்."

அவர் ஒரு மூலையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு பேசாமல் இருப்பார். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொள்வேன்.

ஐம்பதாம் வருடத்துக்கு மாதா கோயிலில் நன்றிப் பூசை ஒழுங்கானது. பூசையில் பங்குச் சுவாமியார் எங்கள் இரண்டு மோதிரங்களையும் திரும்ப ஆசீர்வதித்துப் போட்டுவிடுவார். பூசைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பார்த்தால், என் மோதிரம் ஓர் இடத்தில் விரலால் அமத்தினாலே வளைகிறது. கோயிலில் எல்லோருக்கும் முன்னால் முறிந்து விழுந்தால் என்ன செய்வது? புதிது வாங்கித் தருகிறேன் என்று மகன் சொன்னான். புது மோதிரத்தோடு நான் ஒரு நாளும் குடும்பம் நடத்தவில்லை. எனக்கு இதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

மருமகள் எங்கள் தீவுக்கு வெளியே, பெருநிலத்தில் நெல்லு விதைக்கிற வீட்டுப் பிள்ளை. பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறாள். அவள் இரண்டு மோதிரங்களையும் கொண்டுபோய் ஆய்வுகூடத் தராசில் நிறுத்துக்கொண்டு வந்தாள்.

"மாமி, மாமாவின்ரை சரியா நாலு கிராம். உங்கடை மூண்டு. ஒரு பவுணைப் பாதியாக்கித்தானே ரெண்டையும் செய்தவை? மற்ற ஒரு கிராம் எங்கை?"

"கருவாட்டோட போயிருக்கும். கொழும்பிலை ஆரோ என்ரை மோதிரத்தைத் திண்டிருக்கினம்."

"அந்த ஒரு கிராமிலை எத்தினை அணு இருந்திருக்கும் எண்டு சொல்லட்டே?"

"ஆர் எண்ணினது?"

"ஒண்டொண்டா ஒருத்தரும் எண்ணேல்லை மாமி. இன்ன நிறைப் பொன்னிலை இத்தினை அணு எண்டு முந்தியே கண்டுபிடிச்சு வைச்சிருக்கினம். எங்கடை நிறைக்கு அதைப் பிரிச்சுப் பாக்கிறதுதான்."

அது எனக்கு விளங்கியது. கரையில் நெத்தலிக் குவியலைப் பார்த்து எத்தனை மீன் என்று கேட்டால், யாரும் குந்தியிருந்து எண்ணுவதில்லை. ஒரு பிடியை எண்ணுவேன். ஒரு கூடைக்கு எத்தனை பிடி, குவியலுக்கு எத்தனை கூடை என்று பார்ப்பேன். ஆயிரம் கூடலாம், குறையலாம். நெத்தலி வந்து சண்டை பிடிக்காது.

அவள் கலண்டர்த் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஒரு மூன்றை எழுதினாள். அதற்குப் பின்னால் சைபர் போட்டுக்கொண்டே போனாள். இருபத்தொன்று. தாள் முடிந்து சைபர் அடுத்த வரிக்கு இறங்கியது.

"சைபர் எண்டால் ஒண்டுமில்லை எண்டுதானே எனக்குப் படிப்பிச்சவை. இருபத்தொரு ஒண்டுமில்லையை ஏன் பிள்ளை எழுதுறாய்?"

அவள் கோபப்படவில்லை. நாற்பது பிள்ளைகளுக்குப் படிப்பித்துப் பழகியவள். தாளின் மிச்ச இடத்தில் வருடத்தை நாளாக்கி, நாளைச் செக்கனாக்கிப் பிரித்தாள்.

"பொன்னிலை கலந்த செம்பை நான் பாக்கேல்லை. குத்துமதிப்பாச் சொன்னால், ஒவ்வொரு செக்கனும் ரெண்டு இலட்சம் கோடி அணு உங்கடை விரலை விட்டுப் போயிருக்கு."

"நித்திரையிலையுமோ?"

"சராசரிக்கு ஓம்."

அன்றிலிருந்து நான் பேணியைத் திறந்து காட்டும்போது இந்த எண்ணையும் சேர்த்துச் சொன்னேன். "இஞ்சாருங்கோ, நீங்கள் ஒரு கொட்டாவி விடுறதுக்கிடையிலை என்னட்டை இருந்து எத்தினை கோடி போயிட்டுது தெரியுமே?" என்று அவரிடமும் கேட்டேன். அவர் வலை ஊசியில் நூல் கோத்தார்.

பிறகுதான் எனக்கு நல்ல யோசனை ஒன்று வந்தது. அவருடைய மோதிரத்தில் அரைக் கிராம் வெட்டி என்னுடையதில் ஒட்டினால் இரண்டும் மூன்றரை. அதைச் சொன்னதும் அவர் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது.

"அதைத் தொட வேண்டாம்."

"ஏன்?"

"அது ஆசீர்வதிச்ச மோதிரம்."

"என்ரையை என்ன, சந்தையிலையே வாங்கினது?"

மறுநாள் நானும் மருமகளும் பட்டணத்துக்கு வெளிக்கிட்டபோது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். என்னோடு பட்டணம் வந்து எத்தனையோ வருடம்.

நகைப் பத்தர் முதலில் என் மோதிரத்தை உரைகல்லில் உரசினார். மஞ்சள் கோடு விழுந்தது. ஒரு சொட்டு அசிட் விட்டார். கோடு அப்படியே இருந்தது. என் மனுசனுடையதை உரசி அசிட் விட்டார். கோடு மறைந்தது. பத்தர் எங்களைப் பார்க்கவில்லை, மோதிரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அம்மா, இது பித்தளை. நாலு கிராம் பொன் இவ்வளவு தடிப்பா வராது."

நான் மருமகளைப் பார்த்தேன். அவள் மேலே சுற்றுகிற ஃபானைப் பார்த்தாள்.

"நிறையை மட்டும்தான் பாத்தனான், மாமி."

என் மனுசன் கதிரையில் இருந்து, ஐம்பது வருடமாகச் சொல்லாததைச் சொன்னார்.

"கலியாணம் முடிச்ச முதல் வருசம், ஓலைத்தொடுவாய்க் கரைக்கு நேரை, கடலிலை. புது மாப்பிள்ளை எண்டு போட்டுக்கொண்டு போனனான். வலை மாட்டி இழுத்துது. விரலைக் காப்பாத்த மோதிரத்தை விட்டிட்டன்."

"பிறகு?"

"என்ஜினிலை பழைய பித்தளைப் புஷ் வளையம் ஒண்டு கிடந்தது. லேத் பட்டறையிலை குடுத்து, சரியா அரைப் பவுண் நிறைக்கு வருமட்டும் அராவுவிச்சன்."

ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைப் புளி போட்டு மினுக்கும்போது அந்த மோதிரத்தையும் சேர்த்தே மினுக்கியிருக்கிறேன். புளிக்குப் பித்தளை பளபளக்கும் என்று தெரிந்தவள்தான். சண்டையில் இடம்பெயர்ந்து ஓடியபோது, "பேணியை விடு, தையல் மெசினைத் தூக்கு" என்று அவர் கத்தினார். அவரைத் திட்டிவிட்டு நான் பேணியைத் தூக்கினேன். என்ஜின் புஷ் தப்பியது. மெசின் போனது.

இரண்டு நாள் அவருக்குச் சீனி இல்லாத தேத்தண்ணி கொடுத்தேன். அவர் குடித்தார். மருமகள்தான் சமாதானம் செய்ய வந்தாள். அவளுக்குக் கணக்கைத் தவிர வேறு வழி தெரியாது.

"மாமி, ஒரு விசயம். மாமாவின்ரை மோதிரத்திலை உங்கடையைவிட நாலு மடங்கு அணு இருக்கு."

"பித்தளையிலையோ?"

"பொன்னிலை ஒவ்வொரு அணுவும் பாரம். செம்பும் துத்தநாகமும் பாரம் குறைவு. ஒரு கிலோ பாரை மீன் ஒண்டோ ரெண்டோதான் நிக்கும். ஒரு கிலோ நெத்தலி?"

அவர் மூலையிலிருந்து, இரண்டு நாளில் முதல் முறையாக வாய் திறந்தார்.

"அப்ப எண்ணிக்கையிலை நான்தான் கூட."

சிரிப்பதில்லை என்று இருந்தேன். முடியவில்லை. அன்று பின்னேரம் சீனி போட்டேன்.

ஆனால் என் மோதிரம் வளைந்தபடியே இருந்தது. சூடு காட்டினால் உருகிவிடும் என்று பத்தர் ஒட்ட மறுத்திருந்தார். பூசைக்கு முதல் நாள் என் மனுசன் வந்து கையை நீட்டினார்.

"கழட்டித் தா."

இருப்பதில் ஆக மெல்லிய வலை நூலை எடுத்து, மோதிரம் மெலிந்த இடத்தில் சுற்றிச் சுற்றி, கிழிந்த வலைக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டார். மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். வளைத்துப் பார்த்தேன். வளையவில்லை.

"இனித் தேய்ஞ்சால் நூல்தான் தேயும்" என்றார்.

பூசையில் சுவாமி மோதிரத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதென்னம்மா?"

"வலை நூல், சுவாமி."

சுவாமியும் கடற்கரைப் பிள்ளைதான். வேறொன்றும் கேட்காமல் ஆசீர்வதித்தார். என் மோதிரம் முறியாமல் விரலில் ஏறியது. மற்றதை அவருடைய விரலில் போட்டுவிட்டார். அந்தப் பித்தளை விரலில் ஏறியது அன்றுதான் முதல் தடவை.

கோயிலுக்குள் வேர்வை. பூசை முடிந்து வெளியே வந்தபோது அவருடைய விரலைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம். மருமகள் என் காதுக்குள் சொன்னாள்.

"செம்பு கழண்டு வருது, மாமி. எத்தினை அணு எண்டு பாக்கட்டே?"

"வேண்டாம். இப்பத்தானே தொடங்கியிருக்கு."

அவர் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்தார். நான் விடவில்லை. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் அந்த விரலைப் பிடித்துக் காட்டினேன்.

"பாருங்கோ, இவரும் வேலைக்கு வந்திட்டார்."

வந்தவர்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. அவர் மட்டும் கையை இழுக்காமல் நின்றார்.